கை ஓடும் வேகமும் நாக்கு ஓடும் வேகமும்

பெரம்பலூரில் தட்டச்சு வகுப்புக்குப் போகிற பிள்ளைகளைக் கேட்டால் இரண்டு எண்களைத் தூக்கத்திலும் சொல்வார்கள். லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை. ஹையருக்கு 45. அந்த 45-ஐ அறுபதால் பெருக்கிப் பாருங்கள். மணிக்கு 2700 வார்த்தை வருகிறது. தினமும் காலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மாதக் கடைசியில் 80,000 வார்த்தையைத் தாண்டிவிடலாம், ஒரு நாவலே முடிந்துவிடும். ஹையர் சான்றிதழோடு இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மணிக்கு 2700 வார்த்தை சொந்தமாக எழுதுகிற ஒருவரை நான் பார்த்ததில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண் ஹையர் முடித்துவிட்டாள். கல்லூரி மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்களாம். "கை ரெடியாத்தாண்ணா இருக்கு, அடுத்த வரிதான் வர மாட்டேங்குது" என்றாள். அன்றிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். வேகமாக எழுதுவது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு விரல் பயிற்சியும் கடிகாரமும்தான் வழக்கமாகக் கிடைக்கிற பதில். நேரம் உண்மையில் எங்கே போகிறது என்பதை அவர்களுக்கு யாரும் காட்டுவதில்லை. அதைக் காட்ட எங்கள் பெரம்பலூர், அரியலூர் பக்கத்திலேயே நல்ல ஆட்கள் இருந்திருக்கிறார்கள். இன்றும் இருக்கிறார்கள்.

முதலில் இன்று இருப்பவரைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். வாசலுக்குப் பக்கத்தில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒரு பெரியவரின் பக்கத்தில் நின்று நான் வெகுநேரம் கவனித்திருக்கிறேன். பட்டா பெயர் மாற்றம், முதியோர் உதவித்தொகை, வரப்புத் தகராறு, மக்காச்சோளத்துக்கு வராத பயிர்க் காப்பீடு என்று ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். ஒரு பாட்டி உட்கார்ந்தார். "சொல்லுங்கம்மா" என்றார் பெரியவர். "என்னத்த சாமி சொல்றது, அவன் அப்பன் செத்தப்பவே ஆரம்பிச்சது" என்று பாட்டி தொடங்கினார். பேரன் வந்தான், மருமகள் வந்தாள், கிணறு வந்தது, கிணற்றுக்குப் போகிற வழி வந்தது. பெரியவர் பேனாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. இடையில் மூன்று கேள்விதான் கேட்டார். எப்போது நடந்தது, இதற்கு முன்னால் யாரிடம் சொன்னீர்கள், இப்போது என்ன ஆகணும். மூன்றுக்கும் பதில் வந்ததும் மூடியைத் திறந்தார். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா வணக்கம், மேற்படி முகவரியில் வசித்து வரும் நான் என்று ஆரம்பித்து ஒரு முழுத்தாளின் கடைசி வரி வரைக்கும் பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. அடித்தல் திருத்தல் ஒன்றும் இல்லை. பாட்டி வெற்றிலையை மடித்து வாயில் போட்டு மெல்லத் தொடங்குவதற்குள் மனு முடிந்துவிட்டது.

அவருக்குத் தட்டச்சு தெரியாது. நிமிடத்துக்கு 45 வார்த்தை அவர் கை ஓடாது. ஆனாலும் ஹையர் முடித்தவர்களைவிட முன்னதாக அவர் வேலை முடிந்தது. கேட்பது ஒரு வேலை, எழுதுவது இன்னொரு வேலை என்று அவர் பிரித்து வைத்திருக்கிறார். கேட்கும்போது எழுதுவதில்லை. எழுதும்போது யோசிப்பதில்லை. கதை எந்த வரிசையில் காகிதத்தில் இறங்க வேண்டும் என்பது மூடியைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. நாமோ ஒரே நேரத்தில் மூன்று ஆளாக உட்கார்ந்திருக்கிறோம். பாட்டியும் நாம்தான், மனு எழுதுபவரும் நாம்தான், மனுவை வாங்கிப் பார்த்துக் குறை சொல்லப்போகிற அதிகாரியும் நாம்தான். பாட்டி ஒரு வாக்கியம் சொல்வதற்குள் அதிகாரி குறுக்கே விழுந்து "இது சரியில்லை" என்கிறார். பாட்டி வாயை மூடிக்கொள்கிறார்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் நினைப்பது பேச்சுத் தமிழில். எழுதுவது வேறொரு தமிழில். "அவரு வந்துட்டு போயிட்டாரு" என்று மனதில் ஓடுவதை "அவர் வந்துவிட்டுச் சென்றுவிட்டார்" என்று விரலுக்குக் கொண்டுவருவதற்குள் அடுத்த வரி மறந்துபோகிறது. இடையில் "வந்துவிட்டு" என்பதற்குப் பிறகு ச் போட வேண்டுமா என்று ஒரு சந்தேகம் வேறு. நிமிடக்கணக்கில் நேரம் தொலைவது இந்த இடத்தில்தான்.

அந்தக் காலத்தில் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்குக் குன்னம் பக்கம் போக வேண்டும்.

உ. வே. சாமிநாதையர் பிறந்தது 1855-இல். சொந்த ஊர் தஞ்சைப் பக்கம் உத்தமதானபுரம். ஆனால் அவருடைய தமிழ்ப் படிப்பின் தொடக்கம் எங்கள் மண்ணில். அவர் தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். மகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று தேடி, அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று குடும்பத்தையே தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அரியலூரில் சடகோபையங்கார், கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். அந்த ரெட்டியாரிடம்தான் யாப்பருங்கலக் காரிகை பாடம். மகனின் படிப்புக்காக ஒரு தகப்பனார் இப்படி அலைந்த ஊர்கள் இன்று பெரம்பலூர், அரியலூர் பேருந்துகளின் பெயர்ப்பலகையில் வந்து போகின்றன. குன்னம் இப்போது வட்டத் தலைநகர். அங்கே தாலுகா ஆபீசுக்குப் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

இங்கிருந்து 1871-இல் அவர் மாயூரத்துக்குப் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். பிள்ளையவர்கள் இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்கள் பாடியவர். பாட்டைத் தம் கையால் எழுதிக்கொண்டு உட்காருகிற வழக்கம் அவரிடம் இல்லை. அவர் சொல்லச் சொல்ல ஒரு மாணவர் ஏட்டில் எழுதுவார். பாட்டு மனதில் உருவாகி வாய் வழியாக வெளியே வரும். எழுத்தாணி பிடித்தவர் அதை ஏட்டில் இறக்குவார். பாடுகிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர். மனு எழுதும் பெரியவர் தனக்குள் பிரித்து வைத்திருப்பதை அங்கே இரண்டு ஆளாகவே உட்காரவைத்திருந்தார்கள். எழுதுகிறவர் மாணவராக இருந்ததில் இன்னொரு லாபமும் உண்டு. பாட்டு எப்படிப் பிறக்கிறது, ஒரு சீர் எங்கே மாறுகிறது, ஆசிரியர் எதைத் தள்ளி எதை வைத்துக்கொள்கிறார் என்பதெல்லாம் அவர் கண்ணெதிரே நடந்தது. கவிதை கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இருந்திருக்க முடியாது.

ஓலையில் எழுதுவது எப்படி என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். வலது கையில் எழுத்தாணி. இடது கையில் ஓலை. இடது கட்டைவிரல் நகத்தில் சிறு பள்ளம் செய்து, எழுத்தாணியை அதில் சார்த்திக்கொள்வார்கள். நாம் பேனாவைத் தாளின்மேல் ஓட்டுகிறோம். அவர்கள் ஓலையைத் தள்ளித் தள்ளி எழுத்தாணிக்கு அடியில் கொண்டுவந்தார்கள். மை கிடையாது. ஓலையில் விழுவது ஒரு கீறல் மட்டும்தான். எழுதி முடித்த பிறகு விளக்குக்கரியோடு இலைச்சாறு சேர்த்துத் தடவித் துடைத்தால்தான் எழுத்து எடுப்பாகத் தெரியும். அப்படியென்றால் எழுதுகிற நேரத்தில் தாம் எழுதியதை அவர்களால் வசதியாகத் திரும்பிப் படிக்க முடியாது. அழிக்கவும் முடியாது. முன்னால் போவது ஒன்றுதான் வழி.

இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து நான் முதல் வரைவை எழுதும்போது கணினித் திரையின் வெளிச்சத்தைக் கிட்டத்தட்ட அணைத்துவிடுகிறேன். எழுத்து மங்கலாகத் தெரியும், பிழை தெரியாது. பிழை கண்ணில் படாதவரை கை அதைத் திருத்தப் போகாது. அந்தப் பெண்ணுக்கும் இதைத்தான் முதலில் சொன்னேன்.

ஏலாக்குறிச்சிக்கும் ஒரு முறை போய் வாருங்கள். அரியலூர் மாவட்டத்தின் தெற்குக் கோடி, கொள்ளிடத்துக்கு வடகரை. வீரமாமுனிவர் என்கிற பெஸ்கி பாதிரியார் நெடுங்காலம் இருந்த ஊர். 1680-இல் இத்தாலியில் பிறந்த அவர் இங்கே அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, ஊரைத் திருக்காவலூர் என்று பாடினார். அவருடைய தேம்பாவணி 3615 பாட்டு. தாய்மொழி வேறாக இருந்த ஒருவர், வளர்ந்த பிறகு கற்ற மொழியில், காப்பியம் பாடியிருக்கிறார். அவர் பாட்டுச் சொல்லும்போது நான்கு பேரை எழுத உட்கார வைப்பாராம். அடிக்கு ஒருவராக நான்கு அடியையும் நான்கு பேர் எழுதிக்கொள்வார்கள். ஐந்தாவது ஆள் ஒருவர் நான்கையும் சேர்த்து முழுப் பாட்டாக எழுதிக்கொள்வார். இது அவரைப் பற்றி வழிவழியாக வருகிற பேச்சு.

இது அப்படியே நடந்ததா, பிறகு கூட்டிச் சொன்னார்களா என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. சொன்னவர்களுக்கு ஒரு உண்மை தெரிந்திருக்கிறது. நாக்கு ஓடுகிற வேகத்துக்கு ஒரு எழுத்தாணி ஈடுகொடுக்காது. நாம் சாதாரணமாகப் பேசினாலே நிமிடத்துக்கு நூறு வார்த்தை அளவில் போகிறது. சுருக்கெழுத்துத் தேர்வுகள் 80, 100, 120 என்று ஏறிக்கொண்டே போவது அதைப் பிடிக்கத்தான். பாட்டு சொல்பவரை நிறுத்தி "கொஞ்சம் இருங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்று சொன்னால் அடுத்த அடி போய்விடும். அதனால் சொல்பவரின் ஓட்டத்தைக் காப்பாற்ற, எழுதுபவர்களின் எண்ணிக்கையை அதிகமாக்கினார்கள். சொல்கிறவரின் வாயை யாரும் தடுக்கவில்லை. எனக்கு அந்தக் காட்சியில் பிடித்தது அதுதான்.

ஆனால் வேகத்துக்கு ஒரு விலை உண்டு. அதை யார் கொடுப்பது என்பதில்தான் எனக்கு அக்கறை அதிகம்.

ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவில்லை. புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பது ஒரு காரணம். கை ஓட்டம் நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு கிடையாது, ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் கிடையாது. காலும் ரகரமும் ஒரே மாதிரி. பத்தி பிரிப்பது, நிறுத்தக்குறி போடுவது எதுவும் இல்லை. 'பொன்' என்று எழுதினாலும் 'போன' என்று எழுதினாலும் ஏட்டில் ஒரே வடிவம்தான் கிடைக்கும். பழகிய பாட்டு என்றால் படிக்கிறவர் ஊகித்துக்கொள்வார். பாடம் சொல்ல ஆளே இல்லாமல் போன நூல் என்றால் என்ன செய்வது?

அந்தக் கேள்வி முழுக்கச் சாமிநாதையர் தலையில் விழுந்தது. கும்பகோணத்தில் 1880-இல் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டார். அங்கே ஆரம்பித்த வேலை 1887-இல்தான் அச்சுப் புத்தகமாக முடிந்தது. இடைப்பட்ட வருடங்களில் அவர் செய்தது பல ஊர்ப் பிரதிகளைச் சேர்த்து ஒப்பிடுவது. இது காலா ரகரமா, இது மெய்யா உயிர்மெய்யா, இது பாட்டா உரையா, உரைக்குள் வருகிற மேற்கோள் எந்த நூல். யாரோ ஒருவர் எப்போதோ வேகமாக எழுதித் தள்ளியபோது விட்ட புள்ளிகளை எல்லாம் இவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்தார். இளவயதில் ஆசிரியர் சொல்லச் சொல்ல ஏடெழுதிப் பழகிய கை அது. ஓலையில் எது விடுபடும், ஏன் விடுபடும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது தமிழுக்குக் கிடைத்த கொடுப்பினை என்றே நினைக்கிறேன்.

வீரமாமுனிவரும் இந்தக் குழப்பத்தைப் பார்த்தவர்தான். கொம்பின் மேற்பக்கத்தைச் சுழித்து இரட்டைச் சுழியாக்கி நெடிலைப் பிரித்துக் காட்டியது, ஏகார ஓகாரத்துக்குத் தனி வடிவம் கொடுத்தது எல்லாம் அவர் செய்த சீர்திருத்தம். இன்று நீங்கள் 'போன' என்று படித்துப் புரிந்துகொள்வதில் அவருக்குப் பங்கு இருக்கிறது. அடிக்கு ஒரு ஆளை உட்காரவைத்து வேகமாகப் பாட்டுச் சொன்னவர் என்று பேர் வாங்கிய அதே மனிதர், படிக்கிறவன் தடுமாறக் கூடாது என்று எழுத்தின் சுழியைப் பற்றியும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு.

அதனால் என் கருத்து இது. எழுதும்போது புள்ளியை விடுங்கள். தாராளமாக விடுங்கள். ச் வருமா, ன் வருமா ண் வருமா, 'செய்தான்' நல்லதா 'பண்ணினான்' நல்லதா என்று எதற்கும் நிற்க வேண்டாம். ஆனால் இன்னொருவர் கையில் கொடுப்பதற்கு முன்னால் விட்ட புள்ளி எல்லாவற்றையும் நீங்களே வைத்துவிட வேண்டும். வேகமாக எழுதினேன் என்று சொல்லிப் பிழையோடு வெளியிடுகிறவர்கள் தங்கள் நேரத்தை மிச்சப்படுத்தவில்லை, படிக்கிறவர் நேரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் பத்து நிமிடம் செலவழித்தால் முடிந்திருக்கும் வேலையை நூறு பேர் ஆளுக்கு ஒரு நிமிடம் செய்யும்படி விடுவது நியாயமில்லை.

எங்கள் ஊர்க் கோட்டையையும் இதில் சேர்க்காமல் விட முடியாது. ரஞ்சன்குடிக் கோட்டை பதினேழாம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபுக்குக் கீழ் இருந்த ஒரு ஜாகீர்தார் கட்டியது. 1751-இல் ஆற்காட்டு நவாப் பதவிக்காக இங்கே ஒரு சண்டை. வாலிகொண்டா போர் என்று சரித்திரத்தில் எழுதுவார்கள். சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம், முகமது அலியும் ஆங்கிலேயரும் ஒரு பக்கம். பெயரில் வருகிற ஊர் பக்கத்தில் இருக்கிற வாலிகண்டபுரம்.

அந்தச் சண்டை நடந்த காலத்தில் புதுச்சேரியில் ஒருவர் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-இல் தொடங்கி 1761-இல் இறக்கும் காலம் வரை, கால் நூற்றாண்டு. வியாபாரத்தையும் கவனித்து, கவர்னருக்கு வலதுகையாகவும் இருந்து, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் பேசி, அதற்கு மேல் இதையும் எழுதினார். இங்கிலீஷில் மொழிபெயர்த்தபோது 12 தொகுதி வந்தது. ஒரு முழுநேர எழுத்தாளனுக்கே அது பெரிய அளவு. அவருக்கு நேரம் எங்கிருந்து வந்தது?

அவர் தமிழைப் படித்துப் பார்த்தால் பதில் கிடைக்கும். அன்றைய பண்டிதர்கள் உரைநடை எழுதிய மாதிரி அவர் எழுதவில்லை. வாயில் வந்த தமிழிலேயே எழுதினார். யார் வந்தார்கள், என்ன நாழிகைக்கு வந்தார்கள், துரை என்ன சொன்னார், அதற்குத் தாம் என்ன சொன்னார் என்று நடந்த வரிசையிலேயே போகும். பாரசீகச் சொல், பிரெஞ்சுச் சொல், போர்த்துக்கீசியச் சொல் எல்லாம் கடைவீதியில் கலந்த மாதிரியே கலந்து வரும். பேச்சிலிருந்து எழுத்துக்கு மாற்றுகிற நடுவேலையையே அவர் எடுத்துவிட்டார். நேரம் அங்கே மிச்சமானது. அதைவிடப் பெரிய லாபம் நமக்கு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு தமிழ்க் குடும்பஸ்தர் எப்படிப் பேசினார் என்பதை இன்று அந்தப் பக்கங்களில் கேட்க முடிகிறது. அழகாகத் திருத்தி எழுதியிருந்தால் அந்தக் குரல் போயிருக்கும்.

நான் இப்போது செய்வது இதைத்தான். கோட்டை அகழியை ஒட்டி நடந்துகொண்டே கைப்பேசியில் பேசிவிடுகிறேன். பேச்சை எழுத்தாக்குகிற வசதி தமிழுக்கு நன்றாகவே வந்துவிட்டது. பேசுவது பேச்சுத் தமிழில்தான், பக்கத்தில் ஒரு சிநேகிதர் நடந்து வருகிற மாதிரி. "பாத்தீங்களா, அந்த மனுஷன் என்ன பண்ணாருன்னா" என்றுதான் ஆரம்பிக்கும். நெடுஞ்சாலைப் பக்கம் லாரிச் சத்தம் அதிகமானால் கைப்பேசி எதையாவது தப்பாக எழுதும், போகட்டும். ஒரு சுற்று முடிவதற்குள் கட்டுரைக்கு வேண்டிய சரக்கு முழுக்க வந்துவிடும். மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு வாய்த்த மாணவர் மாதிரி கைப்பேசி இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மாணவருக்குச் சந்தேகம் வந்தால் ஆசிரியரைக் கேட்டுக்கொள்ள முடியும். இது கேட்காது, தனக்குத் தோன்றியதை எழுதிவிட்டுப் போகும். 'ஏரி' சொன்னால் 'ஏறி' என்று வரும். 'மழை', 'மலை' இரண்டும் அதற்கு ஒன்று, நாக்கு சரியாக மடங்கவில்லை என்றால். வாக்கியம் எங்கே முடிந்தது என்று அதற்குத் தெரியாது. புள்ளி, கமா, பத்தி எதுவும் இல்லாமல் ஒரு முழுநீள ஓலை மாதிரிதான் வந்து நிற்கும்.

பிறகு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிதாகத் தட்டச்சு செய்கிறேன். வெட்டி ஒட்டுவதில்லை. பேச்சுத் தமிழ் எழுத்துத் தமிழாவது இந்தக் கட்டத்தில். இரண்டாம் முறை என்பதால் யோசனை குறைவு, கை நன்றாக ஓடும். ஹையர் பயிற்சி உண்மையிலேயே உதவுவது இங்கே. கண்ணுக்கு முன்னால் ஒரு பிரதி இருந்தால் விரல் வேகம் வீணாகாது. தேர்விலும் பிரதியைப் பார்த்துத்தானே அடிக்கிறோம்.

விசைப்பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் வேலை பார்த்த ஆர். முத்தையாவின் உழைப்பில் தமிழுக்குத் தட்டச்சுப் பொறி வந்தது. 247 எழுத்தை ஒரு சின்ன இயந்திரத்துக்குள் அடக்க, கொக்கியையும் புள்ளியையும் நகராத விசைகளாக அவர் அமைத்தார். இன்றும் வகுப்பில் இடது கை நான்கு விரலுக்கு ய, ள, ன, க என்று தொடங்குகிற பாடம் அந்த மரபுதான். அதைப் படித்தவர்கள் அதிலேயே தொடரலாம். கை பழகியதை மாற்றுவது பாவம்.

ஆங்கில எழுத்தில் 'ammaa' என்று அடித்துத் தமிழ் வரவழைக்கிறவர்களுக்குத்தான் நான் சொல்வது. தமிழ்99-க்கு மாறுங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, அவ்வளவுதான் நினைவில் வைக்க வேண்டியது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து பெரும்பாலும் வலது கைக்கு. கை மாற்றி கை விழுவதால் அசதி குறைவு. அதில் எனக்கு மிகவும் பிடித்தது புள்ளி. ஒரே எழுத்தை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்கு அதுவே புள்ளி வைத்துவிடும். மெல்லினத்துக்குப் பின்னால் அதன் இன வல்லினம் வந்தாலும் வைத்துவிடும். ங, க என்று அடித்தால் ங்க. ந, த என்று அடித்தால் ந்த. 'தங்கம்' எழுத ஐந்தே விசை. ஏடு எழுதியவர் விட்டுவிட்டுப் போன புள்ளியை, சாமிநாதையர் பிரதி பிரதியாகப் பார்த்து வைத்த புள்ளியை, இப்போது இயந்திரம் நமக்காகப் போட்டுத் தருகிறது. தமிழின் எழுத்துச் சேர்க்கை தெரிந்த யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்த ஏற்பாடு அது. பத்து நாள் கை தடுமாறும். அந்தத் தடுமாற்றத்துக்குப் பயந்துதான் பலரும் பழைய வழியிலேயே இருந்துவிடுகிறார்கள். அப்படி இருந்துவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தினமும் எழுதுவதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஜெயமோகன் 2014 ஜனவரியில் வெண்முரசைத் தொடங்கி நாள்தோறும் ஒரு அத்தியாயமாகப் பதிவிட்டு 2020 ஜூலையில் முடித்தார். 26 நாவல்கள். அவ்வளவு எல்லோராலும் முடியாது, வேண்டியதும் இல்லை. ஆனால் நேற்று விட்ட இடம் இன்று மறக்காமல் இருப்பது மட்டுமே எவ்வளவு நேரத்தை மிச்சம் பிடிக்கிறது என்று அதைத் தொடர்ந்து படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு வாரம் விட்டுவிட்டு உட்கார்ந்தால் முதல் அரைமணி நேரம் நம் எழுத்தை நாமே அறிமுகப்படுத்திக்கொள்வதில் போய்விடுகிறது.

இது வயதையும் பார்ப்பதில்லை. சாமிநாதையர் எண்பத்தைந்தை நெருங்கும்போது 1940-இல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடங்கினார். வாரம் ஒரு அத்தியாயம். துணைக்கு மாணவர் கி. வா. ஜகந்நாதன். ஒரு காலத்தில் ஆசிரியர் சொல்லத் தாம் எழுதியவருக்கு இப்போது ஒரு மாணவர் கூட இருந்தார். 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது 122 அத்தியாயம் ஆகியிருந்தது. குன்னமும் செங்கணமும் அரியலூரும் அதில் எவ்வளவு தெளிவாக வருகின்றன என்று பாருங்கள். எழுபது வருடம் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த ஊர்கள் என்பது படிக்கும்போதே தெரிகிறது.

கல்லூரி மலருக்கு எழுத வேண்டிய அந்தப் பெண்ணுக்கு நான் கடைசியாகச் சொன்னது: "தட்டச்சுப் பக்கம் போகாதம்மா இப்போ. உன் அம்மாகிட்ட உட்கார்ந்து, எதைப் பத்தி எழுதணுமோ அதை முழுசாச் சொல்லு. அவங்க எங்க 'ம்' போடுறாங்க, எங்க 'அப்புறம்?'னு கேக்குறாங்கன்னு பாத்துக்க. அதுக்கப்புறம் உக்காந்து அடி." அவள் எழுத எடுத்துக்கொண்டது சின்ன வெங்காயத்தைச் சேமித்து வைக்கப் பட்டறை போடுவதைப் பற்றி. அவள் அம்மா வருடாவருடம் செய்கிற வேலை அது. பட்டறையில் காற்று புகுவதற்கு எங்கே இடைவெளி விட வேண்டும் என்று அம்மா இரண்டு இடத்தில் மகளைத் திருத்தினாராம்.